நெல்லைச் சீமையில் இருந்தபடி தொலைதூர மத்திய அலை நிலையங்களைப் பிடிக்க: முழுமையான வழிகாட்டி

ராத்திரி எட்டு மணிக்கு மேல் திருநெல்வேலியில் ஒரு சாதாரண ரேடியோவில் மத்திய அலையை (செட்டில் MW அல்லது AM என்று எழுதியிருக்கும்) திருகினால் சென்னை கிடைக்கும், மும்பை கிடைக்கும். கொஞ்சம் பழகிவிட்டால் டாக்காவும், விடியுமுன் வளைகுடாப் பக்கத்து அரபியும் கிடைக்கும். இணையம் வேண்டாம், சந்தா வேண்டாம். இப்படித் தூரத்து நிலையங்களைத் தேடிப் பிடிப்பதைத்தான் டிஎக்ஸிங் என்கிறார்கள்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். முதலில் விலை கூடிய ரேடியோ, அடுத்து மாடியில் நீளமாக ஒரு வயர், அப்புறம் "ஒண்ணுமே எடுக்கலையே" என்ற அலுப்பு. முதலில் வீட்டு இரைச்சல், அடுத்து உள்ளூர் நிலையங்கள், அதற்கப்புறம் ரேடியோவைத் திருப்பும் பழக்கம், நேரம், இடம் என்று போக வேண்டும். ஆன்டெனா அதற்கும் பிறகுதான்.

வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்களுக்குக் கடைசியில் தனிப் பகுதி இருக்கிறது. அவர்களும் லீவில் ஊருக்கு வரும்போது முதல் ஐந்து படிகளை இங்கேயே பழகிவிட்டுப் போவது நல்லது. நாம் பிடிக்க நினைக்கும் நிலையம் பக்கத்தில் எப்படி ஒலிக்கும் என்று தெரியாமல், தூரத்தில் அதை அடையாளம் காண்பது கஷ்டம்.

1. கையில் இருக்க வேண்டியவை

அலைவரிசையை எண்ணில் காட்டும் ரேடியோ ஒன்று. டெக்சன் பிஎல்-330, பிஎல்-380, எக்ஸ்எச்டேட்டா டி-808 போன்ற கையடக்க செட்டுகள் போதும். முள் நகரும் பழைய செட்டிலும் கேட்கலாம், ஆனால் 1044-இல் நிற்கிறோமா 1053-இல் நிற்கிறோமா என்று முள்ளை வைத்துச் சொல்ல முடியாது. தொடக்கத்தில் அந்தக் குழப்பம் வேண்டாம்.

பேட்டரியில் ஓட வேண்டும். அடாப்டர் போட்டுக் கேட்டால் அந்த அடாப்டரே முதல் இரைச்சலாக வந்து உட்காரும்.

ஹெட்போன், திசைகாட்டி, நொடி காட்டும் கடிகாரம், நோட்டு, பேனா. ஹெட்போன் இல்லாமல் கரகரப்புக்குள் புதைந்த குரலைப் பிரித்தெடுக்க முடியாது. திசைகாட்டிக்கு ஃபோனே போதும், ஆனால் பார்த்துவிட்டு ஃபோனைத் தள்ளி வைத்துவிடுங்கள். அதன் திரையும் இரைச்சல் கிளப்பும்.

வாங்கியவுடன் பலர் செய்வது, நீட்டும் குச்சி ஆன்டெனாவை முழுசாக இழுத்து ஜன்னல் பக்கம் சாய்ப்பது. மத்திய அலைக்கு அது உதவாது, பண்பலைக்கும் சிற்றலைக்கும்தான். மத்திய அலையைப் பிடிப்பது செட்டுக்குள் படுக்கையாக இருக்கும் ஃபெரைட் ராடு, அதாவது கம்பி சுற்றிய கறுப்புத் தண்டு. அது பெரும்பாலும் செட்டின் நீளவாக்கில், மேல் விளிம்பை ஒட்டி இருக்கும். செட்டின் நீளம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ ராடும் அந்தப் பக்கம்தான் பார்க்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது படிக்கு இது வேண்டும்.

2. ரேடியோவை 9-க்கு மாற்றுங்கள்

ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்காவில் மத்திய அலை நிலையங்கள் 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரை ஒன்பது ஒன்பதாக அடுக்கப்பட்டவை. எந்த நிலையத்தின் எண்ணையும் 9-ஆல் வகுத்தால் மீதி வராது. அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் பத்து பத்தாக இருக்கும்.

அமெரிக்காவில் வாங்கிய செட் பத்து பத்தாகத் தாவும்படி இருந்தால் 720 சரியாக விழும், 630 விழும், 810 விழும். 1053-உம் 1197-உம் விழாது. "சில ஸ்டேஷன் மட்டும் நல்லா வருது, மத்ததெல்லாம் கோணலா கேக்குது" என்று யாராவது சொன்னால் முதலில் இதைப் பாருங்கள். 90-இன் மடங்குகள் மட்டும் சரியாக வந்தால் நோய் இதுதான். மெனுவில் மாற்றிவிடலாம்.

3. வீட்டு இரைச்சலை முதலில் ஒழியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். எல்இடி பல்பு, ஃபோன் சார்ஜர், செட்டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர், எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் எல்லாமே கரண்டை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டிக் கொடுப்பவை. ரெகுலேட்டர் மட்டும் நூறு முறை. அந்த வெட்டில் பிறக்கும் இரைச்சல் நேராக மத்திய அலையில் வந்து விழுகிறது. எவ்வளவு நல்ல ஆன்டெனா கட்டினாலும் அது ஸ்டேஷனோடு இரைச்சலையும் சேர்த்தே கூட்டித் தரும்.

சோதனை இப்படி. பகலில், பேட்டரியில் ஓடும் ரேடியோவை, ஸ்டேஷன் எதுவும் இல்லாத ஓர் எண்ணில் வையுங்கள். ஒலியைக் கூட்டுங்கள். இப்போது வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் சட்டென்று அடங்கினால் கள்ளன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்.

ஒரு கண்ணி இருக்கிறது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை அணைத்ததும் இன்வெர்ட்டர் வேலை செய்யத் தொடங்கி, முன்பைவிடப் பெரிதாக இரையும். "நம்ம வீட்டுல இல்ல, லைன்லதான் கோளாறு" என்று பலர் தவறாக முடிவு கட்டுவது இங்கேதான். இன்வெர்ட்டரையும் அதன் சொந்தப் பொத்தானில் நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள்.

இரைச்சல் அடங்கியதும் மெயினைப் போட்டு, ஒவ்வொன்றாக உயிர் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து நொடி காத்திருங்கள். சார்ஜரில் ஃபோன் இல்லாவிட்டாலும் பிளக்கில் இருந்தாலே இரையும். ஃபேனை நடு வேகத்தில் வைத்தால் உறுமி, முழு வேகத்தில் அடங்கினால் குற்றவாளி ரெகுலேட்டர்தான். எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. கேட்கும் நேரத்தில் எதையெதை அணைக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் கையில் இருந்தால் போதும்.

மெயினும் இன்வெர்ட்டரும் அணைந்த பிறகும் இரைச்சல் நிற்கவில்லையென்றால் அது பக்கத்து வீடு அல்லது தெருக் கம்பம். ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தால் எந்த இடத்தில் கூடுகிறது என்று தெரிந்துவிடும். கடலோர ஊர்களில் கம்பத்துப் பீங்கானில் உப்பு படிந்து, ஈரக்காற்றில் மெல்லத் தீப்பொறி கக்கும். நல்ல மழை ஒன்று பெய்து கழுவிவிட்டால் சில நாள் அமைதியாக இருக்கும்.

மாதாந்திரப் பராமரிப்புக்கு என்று கரண்டை நிறுத்தும் நாளைக் குறித்து வையுங்கள். ஊரே திட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் உங்கள் மாடி அமைதியின் உச்சத்தில் இருக்கும். அன்று பகலில் எதெல்லாம் கேட்கிறதோ அதுதான் உங்கள் இடத்தின் உண்மையான பலம்.

4. உள்ளூர் நிலையங்களைப் பாடம் பண்ணுங்கள்

தூரத்து நிலையத்தைத் தேடுமுன், பகலில் எது எங்கே இருக்கிறது என்று முழு வரிசையையும் ஒருமுறை நிதானமாக நடந்து எழுதுங்கள். பகலில் வருவது பக்கத்து நிலையம். இரவில் புதிதாக முளைப்பது தூரத்து நிலையம். இந்தப் பட்டியல் இல்லாவிட்டால் இரண்டையும் பிரிக்க முடியாது.

நம் பக்கத்தில் தெரிந்திருக்க வேண்டிய எண்கள்: திருநெல்வேலி 1197, தூத்துக்குடி 1053, மதுரை 1269, திருச்சி 936, திருவனந்தபுரம் 1161. இலங்கைப் புத்தளத்தில் இருந்து வரும் டிரான்ஸ் வேர்ல்டு ரேடியோ 882. 400 கிலோவாட் சக்தி. அது நாள் முழுக்க ஓடாது, காலையும் மாலையும்தான்.

இரவுக்கான முதல் இலக்குகள்: சென்னை 720, பெங்களூரு 612, ஐதராபாத் 738, மும்பை 1044, டாக்கா 693. எம்டபிள்யூலிஸ்ட் போன்ற இணையப் பட்டியல்களில் இன்னும் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். பட்டியலில் இருப்பதெல்லாம் இன்று ஓடுவதில்லை. சில நிலையங்கள் மூடப்பட்டுவிட்டன, சில டிஆர்எம் என்ற டிஜிட்டல் ஒலிபரப்பு முறைக்கு மாறிவிட்டன. பட்டியலை வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள், சாட்சிக்கு அல்ல.

அடுத்தது பேய் நிலையங்கள். திருநெல்வேலியும் தூத்துக்குடியும் பலமாக விழும் இடத்தில், மலிவான செட் இரண்டையும் உள்ளுக்குள் கலந்து, இல்லாத நிலையங்களைத் தானே உண்டாக்கும். கணக்கு இதுதான்: 1053-ஐ இரட்டித்து 1197-ஐக் கழித்தால் 909. 1197-ஐ இரட்டித்து 1053-ஐக் கழித்தால் 1341. இரண்டும் 9-இன் மடங்கு என்பதால் உண்மையான நிலையம் போலவே உட்காரும். 909-இல் தமிழ் கேட்டுத் துள்ளிக் குதிக்குமுன், அதே பேச்சு 1053-இலும் ஓடுகிறதா என்று பாருங்கள். அல்லது ரேடியோவைத் திருப்பித் தூத்துக்குடியைப் பலவீனப்படுத்துங்கள். பேய் மறைந்துவிட்டால் அது செட்டின் கற்பனை.

5. ரேடியோவைத் திருப்பும் வித்தை

இந்தப் பொழுதுபோக்கின் பாதி இதில்தான் இருக்கிறது. காசும் கிடையாது.

ஃபெரைட் ராடு தன் பக்கவாட்டில் வரும் அலையை நன்றாகப் பிடிக்கும். தன் முனையை நோக்கி வரும் அலைக்கு ஏறக்குறையச் செவிடு. எனவே பிடிக்க வேண்டிய நிலையத்தைப் பார்த்துத் திருப்புவதைவிட, தொல்லை தரும் நிலையத்தை நோக்கி ராடின் முனையைக் குத்துவதுதான் பலன் தரும். பிடிக்கும் திசை அகலமானது; செவிடாகும் திசையோ மிகக் குறுகியது.

பழகுவதற்கு நெல்லையில் இருந்து ஒரு நல்ல பயிற்சி உண்டு. மும்பை 1044-இல் இருக்கிறது. பக்கத்து வீடான 1053-இல் தூத்துக்குடி 200 கிலோவாட்டில் முழங்குகிறது. ரேடியோவைச் சும்மா வைத்தால் 1044-இல் தூத்துக்குடியின் சிதறல்தான் கேட்கும்.

நெல்லை நகரில் இருந்து தூத்துக்குடி ஏறக்குறைய நேர் கிழக்கு. மும்பையோ 1,200 கிலோமீட்டருக்கு அப்பால், வடக்கில் இருந்து சற்றே மேற்குப் பக்கம். இரண்டு திசையும் கிட்டத்தட்டச் செங்குத்து. இதைவிடத் தோதாக அமையாது.

இரவு எட்டரை வாக்கில் மாடிக்குப் போங்கள். முதலில் 1053-இல் நின்று, செட்டின் நீளம் கிழக்கு மேற்காக வரும்படி மெல்லத் திருப்புங்கள். தூத்துக்குடியின் ஒலி குறைந்துகொண்டே வந்து ஓர் இடத்தில் சட்டென்று குழிக்குள் விழும். அந்த இடம் சில பாகைகள்தான் இருக்கும். கொஞ்சம் தாண்டினாலும் மறுபடி ஏறிவிடும். அங்கே நிறுத்தி, செட்டின் ஒரு முனையைச் சற்றே மேலே கீழே சாய்த்துப் பாருங்கள், குழி இன்னும் ஆழமாகும். இப்போது செட்டை அசைக்காமல் 1044-க்கு வாருங்கள். இந்திப் பேச்சோ மராத்திப் பேச்சோ மேலே வந்து நிற்கும்.

இதில் புதியவர்கள் செய்யும் தவறு, செட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு திருப்புவது. உடம்பு அசைய அசையக் குழி நழுவும். ஒரு ஸ்டூல், அதன்மேல் கவிழ்த்த தட்டு, தட்டின்மேல் செட். ஸ்டூல் இரும்பாக இருக்கக் கூடாது, தட்டும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். மாடியில் தண்ணீர்த் தொட்டியின் இரும்புக் கம்பிகளுக்குப் பக்கத்திலும் வேண்டாம். இரும்பு திசையைக் கோணலாக்கிவிடும்.

இடம் மாறினால் கணக்கும் மாறும். உவரிக் கடற்கரையில் நின்றால் தூத்துக்குடி கிழக்கில் இல்லை, வடக்கில் இருந்து கொஞ்சம் கிழக்கே சாய்ந்து இருக்கும். எங்கே போனாலும் முதல் வேலையாக உள்ளூர் நிலையத்தின் குழியைக் கண்டுபிடித்துத் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

6. எந்த நேரம், எந்தத் திசை

பகலில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் வெயிலால் உண்டாகும் ஓர் அடுக்கு, மேலே ஏறும் மத்திய அலையை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கரைந்துவிடும். அலை இன்னும் மேலே போய், அங்கேயுள்ள அடுக்குகளில் பட்டுத் தரைக்குத் திரும்பும். இரவில் தூரம் திறப்பது இதனால்தான்.

இதில் இருந்து ஒரு நடைமுறை விதி பிறக்கிறது. அலை வரும் பாதை முழுவதும் இருட்டாக இருக்க வேண்டும். கிழக்கே நமக்கு முன்பே இருட்டிவிடும். ஆகவே மாலை ஆறரை முதல் எட்டு வரை கிழக்குப் பக்கம்: வங்கதேசம், மியன்மார், தாய்லாந்து. விடியற்காலையில் கிழக்கே வெளுத்துவிடும், மேற்கே இன்னும் இருட்டு. ஆகவே காலை நாலு மணி முதல் சூரியன் கிளம்பும்வரை மேற்குப் பக்கம்: பாகிஸ்தான், ஈரான், வளைகுடா. விடிவதற்கு முந்திய அரை மணி நேரத்தில் மேற்கத்திய நிலையங்கள் திடீரென்று எழும்பி, பிறகு பத்தே நிமிடத்தில் மங்கிவிடும். அப்போது காபி போட எழுந்து போகாதீர்கள்.

இன்னொன்று, நம் ஆகாசவாணி நிலையங்களில் பெரும்பாலானவை இரவு 11 மணியை ஒட்டி மூடி, காலை 5.50 வாக்கில்தான் திறக்கின்றன. இந்த இடைவெளியில் அவை இருந்த எண்கள் எல்லாம் காலி. பலமான நிலையத்துக்கு அடியில் இவ்வளவு நேரம் நசுங்கிக் கிடந்த வேறு நாட்டு நிலையம் அப்போதுதான் தலை காட்டும். 11 மணிக்கு ரேடியோவை அணைத்துவிட்டுப் படுக்கிறவர் நல்ல பகுதியைத் தவறவிடுகிறார்.

பருவம்: ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இடியோடு வரும். சித்திரை, வைகாசியில் கோடை இடி. பல நூறு கிலோமீட்டர் தள்ளி மின்னினாலும் மத்திய அலையில் படபடவென்று வெடிக்கும். மார்கழிப் பின்பாதியும் தை, மாசியும்தான் தோதான காலம். உள்ளூரில் இடி இருந்தால் மாடியில் நிற்கவே வேண்டாம்.

7. இடம்: கடற்கரையா, தேரியா, மலையடியா

பாறையும் வறண்ட செம்மண்ணும் கடத்துவதைவிடக் கடல்நீர் ஆயிரம் மடங்கு அளவுக்கு மின்சாரத்தைக் கடத்தும். தரையை ஒட்டி வரும் அலை நிலத்தில் சீக்கிரம் செத்துவிடும், கடல்மேல் நெடுந்தூரம் ஓடும். உவரியில் இருந்து புத்தளம் 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல், இடையில் ஏறக்குறைய முழுக்கத் தண்ணீர். 882 ஓடும் நேரத்தில், வெளிச்சம் இருக்கும்போதே, ஊருக்குள் கேட்பதற்கும் கரையில் கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்.

உவரி, கூடுதாழை, மணப்பாடு எல்லாம் நல்ல இடங்கள். அலை தொடும் ஓரத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. சாலையோரச் சுவரில் உட்கார்ந்தால் பாதிப் பலன் போய்விடும். செட்டை ஒரு ஜிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், உப்புக்காற்று பொத்தான்களைத் தின்றுவிடும். கோயில், தேவாலயத் திருவிழா நாட்களைத் தவிருங்கள். ஜெனரேட்டரும் சீரியல் விளக்கும் சேர்ந்தால் எதுவும் கேட்காது.

கூடங்குளம் பக்கம் போகாதீர்கள். அணுமின் நிலையத்தின் பாதுகாப்பு ஒரு காரணம், அங்கிருந்து கிளம்பும் உயர் அழுத்த மின்பாதைகள் இன்னொரு காரணம். எந்தக் கரையானாலும், இரவில் ஹெட்போனும் வயருமாகத் தனியாக உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் கேள்வி வரும், வருவதுதான் நியாயமும். இருட்டுமுன்பே போய், வலை காயப்போடுகிறவர்களிடம் சொல்லிவிட்டு உட்காருங்கள். "என்ன அண்ணாச்சி, ரேடியோவுல இலங்கையா எடுக்குது?" என்று கேட்டு ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டுப் போவார்கள். அதோடு சரி.

பணகுடி, வள்ளியூர், ராதாபுரம், கயத்தாறு வட்டாரங்களில் காற்றாலைகளுக்கும் அவற்றின் மின்பாதைக்கும் தள்ளி இடம் பாருங்கள். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காடு இரவுக்கு நல்ல இடம். மணல் வறண்டதுதான், ஆனால் இரவில் அலை வானத்தில் இருந்து வருவதால் அது பெரிய குறையில்லை. மின்கம்பம் தூரத்தில் இருப்பதுதான் ஆதாயம்.

மலையடிக்கு ஆசைப்படுகிறவர்கள் உண்டு. பாபநாசம், மணிமுத்தாறு அழகுதான், ஆனால் மேற்கே மலைச்சுவர் நிற்பதால் அந்தப் பக்கம் இருந்து தாழ்ந்து வரும் அலை மறைபடும். புலிகள் காப்பகக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் இரவில் தங்குவது சட்டத்தில் மாட்டும். எனக்கு மலையைவிடக் கரையே மேல்.

8. இப்போது ஆன்டெனா

மேலே சொன்னதெல்லாம் பழகிய பிறகு, ஒரு லூப் ஆன்டெனா கட்டலாம். நீளமாக வயர் இழுப்பதைவிட இது நல்லது, ஏனென்றால் இதையும் திருப்பலாம்.

60 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டம் ஒன்று, மரரீப்பரில் அல்லது பிவிசி குழாயில். அதில் 12 சுற்று, சுற்றுக்கும் சுற்றுக்கும் அரை சென்டிமீட்டர் இடைவெளி. 30 மீட்டர் மெல்லிய ஒயரிங் வயர் போதும். பழைய ரேடியோவில் இருந்து கழற்றிய 500 பிகோஃபாரட் கேங் கண்டன்சர் (நிலையம் மாற்றத் திருகும் பாகம்) ஒன்றை வயரின் இரண்டு முனைக்கும் நடுவில் சேருங்கள். ரேடியோ மெக்கானிக் கடைகளில் உடைந்த செட்டைக் கிளறினால் கிடைக்கும்.

ரேடியோவோடு வயரால் இணைக்க வேண்டியதில்லை. லூப்பின் பக்கத்தில் செட்டை வைத்து, ஃபெரைட் ராடு லூப்பின் சட்டத்துக்குச் செங்குத்தாக, அதன் நடுவைக் குத்துவதுபோல் இருக்கும்படி வையுங்கள். கேங்கைத் திருகும்போது ஓர் இடத்தில் ஒலி குபுக்கென்று ஏறும். ராடு சட்டத்துக்கு இணையாகக் கிடந்தால் எவ்வளவு திருகினாலும் ஒன்றும் நடக்காது. "லூப் வேலை செய்யலை" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

கேங்கை முழுதாக மூடியும் 531-ஐ எட்டவில்லையென்றால் ஒரு சுற்றைக் கூட்டுங்கள். முழுதாகத் திறந்தும் 1602-ஐ எட்டவில்லையென்றால் ஒன்றைக் குறையுங்கள். நிலையம் மாறும்போதெல்லாம் கேங்கையும் திருக வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

9. இது எந்த நிலையம்?

பிடிப்பதைவிடக் கஷ்டம் இது. பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே இருக்கும் பெயரை எழுதிவிடுவது பலரின் வழக்கம். அதில் பாதி தவறாக இருக்கும், ஏனென்றால் ஓர் எண்ணில் பல நாட்டு நிலையங்கள் இருக்கும்.

மணி அடிக்கும் ஒலியைக் கவனியுங்கள். நம் நேரம் மற்ற பல நாடுகளில் இருந்து அரை மணி விலகியது. முழு மணியில் பிப் பிப் ஒலி வந்தால் அது இந்தியா அல்லது இலங்கை. ஈரானும் மியன்மாரும்கூட இருக்கலாம். நம் கடிகாரத்தில் அரை மணியாக இருக்கும்போது ஒலித்தால் பாகிஸ்தான், வளைகுடா, வங்கதேசம், தாய்லாந்து, சீனா. முக்கால் மணியில் ஒலித்தால் நேபாளம்தான். மொழியே புரியாத இடத்திலும் இது நாட்டின் பாதி விலாசத்தைத் தந்துவிடும்.

ஆகாசவாணியின் திறப்பிசையைக் கேட்டதும் நிலையத்தின் பெயரை எழுதிவிடாதீர்கள். எல்லா நிலையங்களும் அதையே போடும். செய்தியும் அப்படித்தான், ஒரே செய்தியைப் பல நிலையங்கள் ஒன்றாக அஞ்சல் செய்கின்றன. செய்தி முடிந்தவுடன் வரும் உள்ளூர் அறிவிப்புக்குக் காத்திருங்கள். ஊர்ப் பெயர், அலைவரிசை, சில சமயம் மீட்டர் கணக்கும் அப்போதுதான் சொல்வார்கள். 300000-ஐ கிலோஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர். 720 என்றால் 416.7.

இரண்டு எண்களில் ஒரே நிகழ்ச்சி ஓடுகிறதா என்று பார்ப்பதும் உதவும். 720-இல் கேட்பது சென்னைதானா என்று சந்தேகம் வந்தால், அந்நிலையத்தின் நேரலையை ஃபோனில் ஓட்டி ஒப்பிடலாம். இணைய வழி அரை நிமிடமோ அதற்கு மேலோ பின்தங்கும், அதை நினைவில் வையுங்கள்.

குரலே இல்லாமல் சீரான இரைச்சல் மட்டும் ஒரு பட்டையாக வந்தால் அது டிஆர்எம் ஆக இருக்கலாம். மெயினை அணைத்தாலும் குறையாமல், ரேடியோவைத் திருப்பினால் குழியில் விழுந்தால் வீட்டு இரைச்சல் இல்லை.

10. நோட்டில் எழுதுவது

தேதி, நேரம், எண், மொழி, கேட்ட விவரம், திசை, செட், இடம். நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுதுங்கள். நம் நேரத்தில் இருந்து ஐந்தரை மணியைக் கழித்தால் அது. இரவு 12-ஐத் தாண்டி, காலை ஐந்தரைக்குள் கேட்டால் தேதி முந்தைய நாளாகவே இருக்கும். புதியவர்கள் நிலையத்துக்கு எழுதி அனுப்பும் ரிப்போர்ட்டில் அதிகம் தப்பாவது இந்தத் தேதிதான்.

தரத்தை எஸ்.ஐ.என்.பி.ஓ. முறையில் ஐந்து எண்ணாகத் தரலாம்: ஒலி பலம், குறுக்கீடு, இரைச்சல், ஏற்ற இறக்கம், மொத்தம். ஒவ்வொன்றும் 1 முதல் 5 வரை, 5 மிக நல்லது. எல்லாவற்றுக்கும் 5 போட்டு அனுப்புவது நிலையத்துக்கு உதவாது. தூரத்தில் கேட்டால் 5 வராது என்று அவர்களுக்கும் தெரியும். கேட்ட நிகழ்ச்சியைக் குறைந்தது பதினைந்து நிமிடத்துக்கு வரிசையாக எழுதி அனுப்பினால், சில நிலையங்கள் உறுதிப்படுத்தி கியூஎஸ்எல் அட்டை அனுப்பும். "பாட்டு, பேச்சு" என்று மட்டும் எழுதினால் அட்டை வராது.

11. வெளிநாட்டில் இருந்து நம் ஊரைப் பிடிப்பது

திசையும் நேரமும் இங்கே தலைகீழாகும். எல்லாவற்றுக்கும் மேல் நம் நிலையம் ஓடும் நேரத்தை நினைவில் வைக்க வேண்டும்: காலை 5.50-க்குத் திறப்பு, இரவு 11-ஐ ஒட்டி மூடல்.

துபாய், அபுதாபி நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். நம் நிலையங்கள் திறக்கும் நேரம் அங்கே அதிகாலை 4.20. அங்கே இருட்டு, நெல்லையில் விடியப்போகும் நேரம். அந்த முக்கால் மணிதான் முதல் வாய்ப்பு. இரண்டாவது, அங்கே பொழுது சாய்ந்ததில் இருந்து இரவு 9.30 வரை. ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் என்பதால் முதலில் 200 கிலோவாட்டுகளைத் தேடுங்கள்: தூத்துக்குடி 1053, சென்னை 720. சக்தி குறைந்த திருநெல்வேலி 1197-ஐ முதல் இலக்காக வைத்தால் மனம் வெறுத்துவிடும். அங்கே ராடின் முனையை எந்த அரபி நிலையத்தை நோக்கித் திருப்ப வேண்டும் என்பதை முதல் சில நாட்களிலேயே கண்டுபிடித்து எழுதிக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் காலை வாய்ப்பே இல்லை. நம் 5.50 அங்கே 8.20, வெயில் ஏறிவிட்டிருக்கும். நெல்லையில் இருட்டும்போது அங்கே ஒன்பது மணியை நெருங்கியிருக்கும். அங்கிருந்து நள்ளிரவு தாண்டி 1.30 வரை கேட்கலாம். மாலை ஏழுக்கே உட்கார்ந்து "வரலை" என்று சொல்கிறவர்கள் இரண்டு மணி நேரம் முந்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இருட்ட வேண்டியதே இல்லை. மன்னார் வளைகுடாவின் மேல் தரையலையாகவே 1053 ஓடி வரும். காலி முகத்திடல் பக்கம் கடலைப் பார்த்த இடத்தில் பகலிலேயே முயலலாம்.

அடுக்குமாடியில் கான்கிரீட் கம்பிகள் அலையைத் தடுக்கும். ஜன்னல் ஓரம் நல்லது, பால்கனி அதைவிட நல்லது, பக்கத்துப் பூங்கா எல்லாவற்றையும்விட நல்லது. லேபர் கேம்பில் இருப்பவர்கள் ஏ.சி. எந்திரங்களின் வரிசையில் இருந்து தள்ளி, காலி மைதானப் பக்கம் போங்கள். லூப்பை நன்றாகத் தெரிந்த இடத்தில் மட்டும் விரியுங்கள். விளங்காத வயர்ச் சட்டம் எந்த நாட்டிலும் காவலாளியை வரவழைக்கும். விமானத்தில் ரேடியோவைக் கைப்பையிலேயே கொண்டு போங்கள், பேட்டரியைக் கழற்றித் தனியாக வைத்து. செட் புதிதென்றால் வாங்கிய பில்லும் கூட இருக்கட்டும்.